'எனக்கு அம்மாவைத் தேடுது': இதற்கு ஆங்கிலத்தில் 'மிஸ்' மட்டும்தானா?

அம்பை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன வாரம் 'லீவு முடிந்து விடுதிக்கு வந்த நாள்' என்று பத்து வரி எழுதச் சொன்னேன். மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பிள்ளை 'ஐ ஆம் சர்ச்சிங் மை மதர். நைட் ஆல்ஸோ சர்ச்சிங்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு நோட்டைக் கொடுத்துவிட்டேன். அம்மா ஊரில்தானே இருக்கிறாள், எதற்குத் தேட வேண்டும் என்று நினைத்தேன். சாயந்திரம் வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு அம்மாவைத் தேடுது, ராத்திரியும் தேடுது. அதைத்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள். நானும் இந்த ஊர்க்காரிதான், அதே வார்த்தையைச் சொல்லி வளர்ந்தவள்தான், எனக்கே அது புரியாமல் போனது இன்னும் மனதை அறுக்கிறது.

மறுநாள் கூப்பிட்டு 'ஐ மிஸ் மை மதர்' என்று எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் உடனே, "மிஸ்ஸுன்னா பஸ்ஸ விடுறது இல்லியா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. போதாததற்கு அதே வகுப்பில் ஒரு பையன் 'ஐ மிஸ்டு மை மதர் இன் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட்' என்று எழுதியிருக்கிறான், கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டு அழுததைச் சொல்கிறான். ஒரே வினை எப்படி இத்தனைக்கும் வருகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பழைய வாத்தியார்

டீச்சர், முதலில் அந்த 'சர்ச்'சைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு சின்னச் சொல் விட்டுப்போனதில் பொருளே மாறிவிடுகிறது. ஒருவரைத் தேடுகிறோம் என்றால் 'சர்ச் ஃபார்' என்று வர வேண்டும். 'ஃபார்' இல்லாமல் 'சர்ச் மை மதர்' என்றால் அம்மாவைச் சோதனை போடுவது, விமான நிலையத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்களே, அது. தேர்வில் திருத்துகிறவர் இதைத்தான் பிழை என்பார். பிள்ளை சொல்ல வந்தது பிழை இல்லை.

'மிஸ்' விஷயத்துக்கு வருகிறேன். அது மிகப் பழைய ஆங்கிலச் சொல், 'மிஸ்ஸன்' என்று இருந்தது, எறிந்தது குறியில் படாமல் போவதுதான் அதன் அடி. ஜெர்மன் மொழியிலும் அதே வேரிலிருந்து வந்த வினை இருக்கிறது. உங்கள் வகுப்பில் ஒரு மாங்காயை வைத்துத் தொடங்குங்கள். கல்லை விட்டான், மாங்காயில் படவில்லை. ஓடி வந்து கையை நீட்டினான், பஸ் போயிட்டு. கண்ணை ஓட்டினான், ஒரு எழுத்துப்பிழை கண்ணில் படவில்லை. வாத்தியார் சொன்னார், காதில் விழவில்லை. எல்லாமே போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேராததுதான், அதனால் எல்லாமே மிஸ்.

இதற்கடுத்த படியைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சட்டைப் பையில் கையை விடுகிறோம், பர்ஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்தத் தெரிதலுக்கும் 'மிஸ்' என்றே பெயர். 'ஹி டிட் நாட் மிஸ் ஹிஸ் பர்ஸ் டில் ஹி காட் ஹோம்' என்றால் வீட்டுக்கு வரும்வரை பர்ஸ் இல்லாததை அவர் உணரவில்லை என்று அர்த்தம். கை பர்ஸைப் போய்த் தொடவில்லை, வெறுமையைத் தொட்டது. பர்ஸுக்குப் பதில் அங்கே அம்மாவை வையுங்கள். ராத்திரி விழித்துக் கையை நீட்டினால் பக்கத்தில் அம்மா இல்லை. மாங்காயிலிருந்து அம்மா வரைக்கும் வழி இப்படித்தான் வந்தது.

பையனின் வாக்கியத்துக்கு 'ஐ லாஸ்ட் மை மதர்' என்று மட்டும் திருத்திவிடாதீர்கள், அம்மா இறந்துவிட்டாள் என்றுதான் முதலில் படும். 'ஐ லாஸ்ட் சைட் ஆஃப் மை மதர்' அல்லது 'ஐ காட் செப்பரேட்டட் ஃப்ரம் மை மதர்' என்பதுதான் சரி.

சென்னையில் ஒரு தென்காசி

நல்ல இழை. நான் இதே வினையால் அடிபட்டவன், அதனால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஐ மிஸ்டு டு அட்டாச் தி ஃபைல்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் எல்லாரையும் வைத்துக்கொண்டு அதைப் படித்துக் காட்டினார். அன்று என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை, சிரித்தார்கள், அவ்வளவுதான். ரெண்டு வருடம் கழித்து நானாகத்தான் தெரிந்துகொண்டேன். 'மிஸ்' என்பதற்குப் பின்னால் 'டு' போட்டு இன்னொரு வினை வராது, 'இங்' போட்ட வடிவம்தான் வரும். அப்படி வந்தாலும் 'ஐ மிஸ்டு சீயிங் ஹர்' என்றால் அவளைப் பார்க்கிற வாய்ப்பு தவறிப்போனது அல்லது அவளைப் பார்க்க முடியாத குறை மனதில் இருக்கிறது என்று பொருள். செய்ய மறந்துபோனதற்கு 'ஃபர்காட் டு' என்று போட்டால் முடிந்தது.

நாம் ஏன் 'மிஸ்டு டு' என்று எழுதுகிறோம் என்றால் தமிழில் 'அனுப்ப விட்டுட்டேன்', 'சொல்ல விட்டுப்போச்சு' என்று நம் வாயில் இருக்கிறது. அந்த 'விட்டு'க்குத்தான் 'மிஸ்' என்று நினைத்துக்கொள்கிறோம். நம் தலைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, அது ஆங்கிலக் கணக்கு இல்லை. இதை ஏழாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அந்த ரெண்டு வருடம் மிச்சம். டீச்சர், தயவுசெய்து இதையும் ஒரு பத்து நிமிடம் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் 'போனை மிஸ் பண்ணிட்டேன்' என்று நாம் சொல்வது போன் தொலைந்ததற்கு. ஆங்கிலத்தில் 'ஐ மிஸ்டு மை போன்' என்று எழுதினால் போன் இல்லாமல் தவித்தேன் என்றுதான் படிப்பார்கள். தொலைந்ததற்கு 'லாஸ்ட்'. காணோம் என்றால் 'மை போன் இஸ் மிஸ்ஸிங்'.

களக்காட்டு வாழைத்தோப்பு

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, தமிழ்ப் பக்கத்தைச் சொல்கிறேன்.

'தேடுது' என்பதை நாங்கள் மாட்டிலிருந்து கற்றுக்கொண்டோம் என்றே சொல்லலாம். பசுவை விற்றுவிட்டுக் கன்றை வீட்டில் வைத்திருந்தால் அன்று ராத்திரி முழுக்கக் கன்று கத்தும். தொழுவத்தில் சுற்றிச் சுற்றி வரும், தாய் நின்ற இடத்தை மோந்து பார்க்கும், வாசல் பக்கம் திரும்பி நிற்கும். "தாயத் தேடுதுல" என்று எங்கள் ஆச்சி எழுந்து போய்க் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். அது உவமை இல்லை, உண்மையிலேயே தேடுவதுதான். கைக்குழந்தையும் அப்படித்தான், தாய் வயலுக்குப் போனால் கண் வாசலிலேயே இருக்கும். அந்தப் பார்வையைத்தான் பெரியவர்களுக்கும் சொல்கிறோம். என் மகள் கல்யாணமாகி மும்பைக்குப் போன பிறகு நானும் சாயங்காலமானால் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், வரமாட்டாள் என்று தெரிந்தும். போனில் "ஒன்னையத் தேடுதும்மா" என்பேன். வேறு எந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தவில்லை.

'ஏங்குறது' வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடி, தேடி, கிடைக்காமல் உள்ளே போய்விட்டால் அது ஏக்கம். "பிள்ள ஏங்கிப் போயிரும், கூட்டிட்டு வந்துருங்க" என்பார்கள். ஏங்கினால் காய்ச்சலே வரும். தேடுவது அதற்கு முந்தியது.

இடையன்குடிக்காரன்

இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 'நான் அம்மாவைத் தேடுகிறேன்' என்றால் கால் நடக்கிறது, கண் பார்க்கிறது, அம்மா எங்கோ மறைந்திருக்கிறாள். 'எனக்கு அம்மாவைத் தேடுது' என்றால் 'நான்' ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது நடக்கிறது. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்குது, இவற்றோடு சேர்ந்த வாக்கியம் அது. 'கு' உருபு போட்ட நான்காம் வேற்றுமை. பசியை நாம் செய்வதில்லை, வருகிறது. தேட்டமும் அப்படி வருகிறது.

ஆங்கிலத்தில் 'ஐ மிஸ்' என்று நான்தான் எழுவாய். இல்லாததை நான் உணர்கிறேன், செய்கிறவன் நான். அதனால்தான் அந்தப் பிள்ளை 'ஐ ஆம் சர்ச்சிங்' என்று போட்டதில் சிக்கல், 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கியவுடன் அம்மா தொலைந்து போனவள் ஆகிவிட்டாள்.

எங்கள் ஊர் கால்டுவெல் 1841 வாக்கில் வந்து தங்கி, ஏறக்குறைய 50 வருடம் வாழ்ந்த ஊர். தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இவை ஒரே குடும்பம் என்று அவர் எழுதினார். வகுப்பிலும் ரெண்டு வாக்கியத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

களக்காட்டு வாழைத்தோப்பு

தம்பி சொன்னது சரிதான், ஆனால் ஒரு சந்தேகம். 'மனசு தேடுது', 'கண்ணு தேடுது', 'நாக்கு தேடுது' என்றும் சொல்கிறோமே. ஊரைவிட்டுப் போய்ப் பத்து நாள் ஓட்டலில் சாப்பிட்டால் "நாக்கு சொதியத் தேடுது" என்று வரும். அங்கே தேடுகிறது நாக்கு. அப்படியானால் 'எனக்குத் தேடுது' என்பதில் மனசு என்ற சொல்தான் மறைந்து நிற்கிறது என்று சொல்லக் கூடாதா?

இடையன்குடிக்காரன்

அண்ணாச்சி, நல்ல கேள்வி, ரெண்டு நாளாக யோசித்தேன். 'வயிறு பசிக்குது' என்றும் சொல்கிறோம், 'எனக்குப் பசிக்குது' என்றும் சொல்கிறோம். ரெண்டாவதைச் சொல்லும்போது யாரும் வயிற்றை மறைத்து வைத்துப் பேசுவதில்லை. தேடுதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மனசு தேடத் தொடங்கியது, பிறகு மனசைச் சொல்லாமலே ஆள் முழுவதுக்கும் ஆகிவிட்டது. முதலில் மனசுதான் இருந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இன்றைக்குச் சொல்கிறவன் அதை உணர்கிறானா என்றால், இல்லை.

மேலப்பாளையத்து உம்மா

எல்லாரும் தேடுதையே தூக்கிப் பிடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் 22 வருடம் வளைகுடாவில் இருந்தார். முதலில் கடிதம், அப்புறம் தெருமுனை பூத்தில் போன், அப்புறம் செல்போன். 2003க்கு முன்னால் செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்கள், அதனால் எடுக்கவே பயம். மணி அடித்து நின்றால் அவர் ரூமுக்கு வந்துவிட்டார், நலம் என்று அர்த்தம். அதற்கு மிஸ்டு கால் என்று பெயர் வந்தது. தவறிப்போன அழைப்பு என்று ஆங்கிலத்தில் சொல்வதை நாங்கள் வேண்டுமென்றே கொடுத்தோம், வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தோம். பீடி சுற்றுகிற கை நின்றுபோய் அந்த மணிச் சத்தத்தைக் கேட்போம், அதிலேயே பேசியது போல இருக்கும். இப்போது பிள்ளைகள் துபாயிலிருந்து 'மிஸ் யூ உம்மா' என்று அனுப்புகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஆங்கிலமாகப் படவில்லை. மணிச் சத்தத்தோடு சேர்ந்துதான் காதில் விழுகிறது. அதனால் 'மிஸ்' வெறும் சொல் என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஆனால் நான் பதில் அனுப்பும்போது "தேடுது வாப்பா" என்றுதான் அனுப்புவேன். வேறு மாதிரி வராது.

சென்னையில் ஒரு தென்காசி

உம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கத்தில் ஒன்று. அப்பா இறந்த முதல் வருடம் போன் நிலையில் 'மிஸ் யூ அப்பா' என்று போட்டேன், எல்லாரும் போடுவதுபோல. அன்று அம்மாவிடம் பேசினேன். அம்மா ஆங்கிலம் அறியாதவள். "காலைல ஆறு மணிக்கு அவிய சைக்கிள் ஸ்டாண்டத் தட்டுற சத்தம் கேக்கும்லா, அதத் தேடுதுய்யா" என்றாள். ஆளைக்கூடச் சொல்லவில்லை, சத்தத்தைச் சொன்னாள். நான் அந்த நிலையை எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் சத்தத்தையும் மிஸ் பண்ணலாம், தெரியும். ஆனால் நாம் 'மிஸ் யூ'வோடு நின்றுவிடுகிறோம், எதைத் தேடுகிறது என்று சொல்வதே இல்லை.

வள்ளியூர் – பாரிஸ்

இடையன்குடிக்காரர் சொன்ன வாக்கிய அமைப்புக்கு ஒரு துணை. கல்யாணமாகி இங்கே வந்து பிரெஞ்சு படித்தபோது, 'ஐ மிஸ் யூ' என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்லி ஆசிரியையிடம் திருத்து வாங்கினேன். பிரெஞ்சில் அது தலைகீழ். 'த்யு ம மாங்க்' என்பார்கள், 'நீ எனக்குக் குறைகிறாய்' என்று வரும். இல்லாதவர்தான் எழுவாய், தவிக்கிறவருக்கு நம் 'எனக்கு' போல ஒரு வடிவம். வகுப்பில் ஆங்கிலம் வழியாக வந்த எல்லாருக்கும் அது திணறலாக இருந்தது. நான் 'எனக்கு' என்று தமிழில் நினைத்துக்கொண்டேன், அன்றோடு எனக்குத் தடுமாற்றம் நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் மற்ற மொழிகள் படிக்கப் போகும்போது இந்த 'எனக்கு' எவ்வளவு உதவும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பூர்வீகம் கடையம்

பிறந்தது சென்னை, அப்பா ஊர் கடையம். இங்கே 'குழந்தை அம்மாவைத் தேடுது' என்போம். பெரியவர்கள் தங்களைப் பற்றி 'எனக்கு உன்னைத் தேடுது' என்று சொல்லி நான் சென்னையில் கேட்டதில்லை. லீவுக்குக் கடையம் வந்து திரும்பும்போது அத்தை "போயிட்டு வா, ரெண்டு நாளைக்கு வீடு வெறிச்சுன்னு கெடக்கும், ஒன்னையத் தேடும்" என்பாள். பத்து வயதில் எனக்குப் பயமாக இருக்கும், நான் தொலைந்து போகப் போகிறேனா என்று. இன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. நன்றி.

பாளை பழைய வாத்தியார்

டீச்சர் வகுப்புக்குப் போகுமுன் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், இவை தேர்விலும் வரும்.

வழி சொல்லும்போது 'யூ காண்ட் மிஸ் இட்' என்பார்கள். பிள்ளைகள் 'அதைத் தவறவிடக் கூடாது' என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை, 'நேரே போ, கண்ணில் படாமல் போகாது' என்று அர்த்தம். டவுனுக்கு வருகிறவரிடம் நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைக் காட்டி நாம் சொல்வது போல. 'டோன்ட் மிஸ் இட்' என்றால்தான் விட்டுவிடாதே.

'ஐ மிஸ்டு யூ அட் தி வெட்டிங்' என்பதற்கு ரெண்டு அர்த்தம். ரெண்டு பேரும் வந்திருந்தோம், கூட்டத்தில் பார்க்க முடியவில்லை. அல்லது, நீ வரவில்லை, மறுவீட்டுச் சொதிப் பந்தியில் உட்காரும்போது உன்னைத் தேடியது. எது என்று சூழ்நிலைதான் சொல்லும்.

'ஹி நேரோலி மிஸ்டு பீயிங் ஹிட்' என்றால் அடிபடவில்லை, மயிரிழையில் தப்பினான். இங்கே மிஸ் ஆனது நல்லது. பிள்ளைகள் மிஸ் என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

டீச்சரைக் கூப்பிடுகிற 'மிஸ்' வேறு சொல், 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம். கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்.

அந்தப் பிள்ளையின் ரெண்டாவது வரியையும் காப்பாற்றிக் கொடுங்கள். 'ஐ மிஸ் மை மதர், ஈவன் அட் நைட்' என்று எழுதினால் 'ராத்திரியும்' என்ற 'உம்' போய்விடாது. 'ஐ ஆம் மிஸ்ஸிங்' என்றும் பேச்சில் வரும், இப்போதைக்கு இப்படி இருக்கிறது என்ற பொருளில், அதுவும் தப்பில்லை. ஆனால் 'மை மதர்' என்பதைச் சேர்க்காமல் 'ஐ ஆம் மிஸ்ஸிங்' என்று நிறுத்தினால் நானே காணாமல் போய்விட்டேன் என்றாகிவிடும்.

அம்பை டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போனது. மாங்காய், பஸ், பர்ஸ், அம்மா என்று பலகையில் வரிசையாக வரைந்தேன். பக்கத்தில் 'எனக்கு அம்மாவைத் தேடுது' என்று எழுதி, இது தப்பு இல்லை, இது நம் ஊர் வாக்கியம், இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'எனக்கு' என்பது 'ஐ' ஆகிவிடுவதால் வினையையும் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். உங்களுக்கு யாரை, எதைத் தேடுது என்று கேட்டேன். நாய்க்குட்டி, தாத்தா, வெளிநாட்டில் இருக்கிற அப்பா, ஊர் வாய்க்காலில் குளிக்கிறது, இப்படி வந்துகொண்டே இருந்தது. ஒரு பையன் போன வருடம் விற்றுவிட்ட ஆட்டைச் சொன்னான். எல்லாவற்றையும் 'ஐ மிஸ்' போட்டு எழுத வைத்தேன். இவ்வளவு பேர் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளையின் பழைய நோட்டை வாங்கி, என் சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அவளையே திருப்பி எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, "எங்கம்மைக்கும் என்னையத் தேடும்லா டீச்சர், அத எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். 'மை மதர்' என்று தொடங்கு, மற்றதை நீயே யோசி என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு 'மை மதர் மிஸஸ் மீ, ஈவன் அட் நைட்' என்று எழுதினாள். கடைசியில் வர வேண்டிய இ, எஸ் ரெண்டு எழுத்தையும் அவளேதான் சேர்த்தாள்.

சனிக்கிழமை அவள் அம்மா விடுதிக்கு வருகிறாள். நோட்டை எடுத்துக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.